முடிசூடிய அன்று நாயைக் குளிப்பாட்டிய மகாராணி

1838-ம் ஆண்டு ஜூன் மாதம் 28-ந் தேதி. லண்டன் நகரம் விழாக்கோலம் பூண்டிருந்தது. வீதியெங்கும் மக்கள் வெள்ளம். பீரங்கிகள் முழங்கின. தேவாலய மணிகள் ஒலித்தன.

அன்று விக்டோரியா மகாராணிக்கு முடிசூட்டு விழா. அவருக்கு வயது 19.

வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் சடங்குகள் சுமார் 5 மணி நேரம் நடந்தன. மகுடம் தலையை அழுத்தியது. சுண்டு விரலுக்காகச் செய்த மோதிரத்தைப் பெரிய பாதிரியார் தவறுதலாக வேறு விரலில் மாட்டிவிட்டார். அது கழற்ற முடியாமல் வலித்தது. மகாராணி எல்லாவற்றையும் பொறுத்துக் கொண்டார்.

மாலையில் அரண்மனைக்குத் திரும்பினார். மிகவும் களைத்திருந்தார். ஆனால் அவர் ஓய்வு எடுக்கவில்லை. உள்ளே ஒரு நாய் குரைக்கும் சத்தம் கேட்டது. பட்டாடைகளைக் களைந்து வைத்துவிட்டு, அவர் நேராக அந்த நாயிடம் போனார். தம் கையாலேயே அதைக் குளிப்பாட்டினார்!

உலகத்தின் பெரும் பகுதியை ஆண்ட மகாராணிக்கு, ஒரு சிறு நாயின்மீது ஏன் இவ்வளவு பிரியம்?

அதைத் தெரிந்துகொள்ள, அவருடைய இளமைப் பருவத்தைப் பார்க்க வேண்டும்.

தனிமைச் சிறை

விக்டோரியா 1819-ம் ஆண்டு மே மாதம் 24-ந் தேதி, லண்டன் கென்சிங்டன் அரண்மனையில் பிறந்தாள். தந்தை கென்ட் கோமகன். அவர் ஜார்ஜ் மன்னரின் நான்காவது மகன். குழந்தைக்கு 8 மாதம் ஆனபோது தந்தை இறந்துவிட்டார்.

பெரியப்பாமார்களுக்கு வாரிசு இல்லை. ஆகவே, ஒரு நாள் இந்தப் பெண்தான் சிம்மாசனம் ஏறுவாள் என்று தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து அவளைச் சுற்றிக் காவல் பலமாயிற்று.

அவள் தாயின் அறையில்தான் தூங்க வேண்டும். மாடிப்படியில் தனியாக இறங்கக்கூடாது. யாராவது கையைப் பிடித்துக் கொள்ள வேண்டும். யாரிடம் பேசினாலும் பக்கத்தில் ஒருவர் இருப்பார். தன் வயதுக் குழந்தைகளுடன் ஓடி விளையாட வழி இல்லை. மரப் பொம்மைகளுக்குச் சட்டை தைத்து அவள் பொழுதைப் போக்கினாள். அவளிடம் 132 பொம்மைகள் இருந்தன!

இந்தக் கட்டுப்பாட்டுக்கெல்லாம் காரணமாக இருந்தவர், தாயின் காரியதரிசி ஜான் கான்ராய். இளவரசியைத் தம் கைக்குள் வைத்துக்கொண்டால், பிற்காலத்தில் நாட்டையே ஆட்டிப் படைக்கலாம் என்பது அவர் எண்ணம்.

டாஷ் வந்தது

1833-ம் ஆண்டு ஜனவரி மாதம். கான்ராய் ஒரு சிறிய நாயைக் கொண்டுவந்து விக்டோரியாவின் தாயாருக்குப் பரிசளித்தார். கிங் சார்லஸ் ஸ்பானியல் என்ற ஜாதி நாய் அது. தொங்கும் காது, பெரிய கண்கள், பட்டுப்போன்ற ரோமம். பெயர் டாஷ்.

சில வாரங்களில் அந்த நாய் இளவரசியிடம் ஒட்டிக்கொண்டது. அப்போது அவளுக்கு வயது 13.

அவள் டாஷுக்குச் சிவப்புச் சட்டையும் நீலக் கால்சட்டையும் போட்டு அழகு பார்த்தாள். கிறிஸ்துமஸ் பண்டிகையின்போது ரப்பர் பந்துகளும் இஞ்சி ரொட்டியும் பரிசாகக் கொடுத்தாள். நாட்குறிப்பில் அடிக்கடி அதன் பெயரை எழுதினாள்.

வாரிசு என்பதால் எல்லோரும் அவளை வணங்கினார்கள். ஆனால் டாஷுக்கு வாரிசும் தெரியாது, சிம்மாசனமும் தெரியாது. அதற்கு அவள் ஒரு விளையாட்டுத் தோழி. அவ்வளவுதான்!

1835-ம் ஆண்டில் விக்டோரியா ராம்ஸ்கேட் என்ற கடற்கரை ஊரில் தங்கியிருந்தாள். கடுமையான காய்ச்சல் அவளைப் படுக்கையில் தள்ளியது. உடல் மெலிந்து, எழுந்து நிற்கவும் சக்தி இல்லாமல் கிடந்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கான்ராய் காகிதமும் பேனாவுமாக வந்தார். பட்டத்துக்கு வந்தபின் தம்மையே அந்தரங்கக் காரியதரிசியாக நியமிப்பதாகக் கையெழுத்துப் போடும்படி வற்புறுத்தினார். தாயும் அவர் பக்கமே நின்றாள்.

16 வயதுப் பெண், நோயாளி, துணை இல்லை. ஆனாலும் அவள் கையெழுத்துப் போட மறுத்துவிட்டாள்!

கான்ராயைக் கடைசிவரை அவள் மன்னிக்கவில்லை. ஆனால் அவர் கொண்டுவந்த நாயை வெறுக்கவும் இல்லை. பெரியவர்களின் சூழ்ச்சிக்கு வாயில்லாப் பிராணி என்ன செய்யும்?

மகாராணி ஆனார்

1837-ம் ஆண்டு ஜூன் மாதம் 20-ந் தேதி அதிகாலை. பெரியப்பா வில்லியம் மன்னர் இறந்த செய்தி வந்தது. விக்டோரியா மகாராணி ஆனார்.

அன்றே அவர் தம் கட்டிலைத் தாயின் அறையில் இருந்து வெளியே எடுக்கச் சொன்னார். 18 வயதில் முதல் முறையாகத் தனி அறையில் தூங்கினார். கான்ராய் மகாராணியின் பக்கத்திலேயே வர முடியாமல் போயிற்று.

அடுத்த மாதம் பக்கிங்ஹாம் அரண்மனைக்குக் குடி போனபோது டாஷும் கூடப் போனது. புதிய தோட்டத்தில் அது துள்ளி ஓடியதைக் கண்டு மகாராணி மகிழ்ந்தார்.

1840-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 10-ந் தேதி, ஜெர்மனியைச் சேர்ந்த இளவரசர் ஆல்பர்ட்டை அவர் மணந்தார். ஆல்பர்ட்டும் நாய்ப் பிரியர். இயோஸ் என்ற கறுப்பு வேட்டை நாயைத் தம்முடன் கொண்டுவந்தார்.

நவம்பரில் முதல் பெண் குழந்தை பிறந்தது. வீட்டில் ஒரே மகிழ்ச்சி. ஆனால் கிறிஸ்துமசுக்கு முந்திய நாள், டிசம்பர் 24-ந் தேதி, டாஷ் இறந்துவிட்டது.

விண்ட்சர் அரண்மனைத் தோட்டத்தில் அதை அடக்கம் செய்து, மகாராணி கல்லறை எழுப்பினார். சுயநலம் இல்லாத அன்பும், தீங்கு நினைக்காத விளையாட்டும், வஞ்சகம் இல்லாத விசுவாசமும் கொண்டது என்ற பொருளில் கல்லில் எழுதி வைத்தார். எத்தனை மனிதர்களின் கல்லறையில் அப்படி எழுத முடியும்?

வாயில்லாப் பிராணிகளுக்காக

அந்தக் காலத்தில் பிராணிகளை வதைப்பதைப் பலர் குற்றமாகவே நினைக்கவில்லை. அதைத் தடுக்க 1824-ம் ஆண்டு லண்டனில் ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. இளவரசியாக இருந்தபோதே விக்டோரியா அதை ஆதரித்தார். 1840-ம் ஆண்டில், ராஜாங்கச் சங்கம் என்று பெயர் வைத்துக்கொள்ள அனுமதி கொடுத்தார். மகாராணியே ஆதரிக்கும் சங்கம் என்றதும் அதன் மதிப்பு உயர்ந்தது.

விலங்குகளை உயிரோடு அறுத்துப் பரிசோதனை செய்வதையும் அவர் வெறுத்தார். 1876-ம் ஆண்டு அதைக் கட்டுப்படுத்தும் சட்டம் இங்கிலாந்தில் வந்தது.

மறுபக்கத்தையும் மறைக்கக்கூடாது. 1877-ம் ஆண்டு ஜனவரி முதல் தேதி, அவர் இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று டெல்லியில் ஆடம்பரமாக அறிவிக்கப்பட்டார். அதே சமயம் சென்னை மாகாணத்தில் தாது வருடப் பஞ்சம் தலைவிரித்து ஆடியது. லட்சக்கணக்கான மக்கள் மாண்டார்கள். நாய்க்கு இரங்கிய மகாராணியின் பெயரால் நடந்த ஆட்சி, அந்த மக்களைக் காப்பாற்றவில்லை.

நாயின் கதையிலும் ஒரு கறை உண்டு. 1860-ம் ஆண்டு பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் சீனாவில் பீக்கிங் நகரின் கோடை அரண்மனையைக் கொள்ளையடித்தன. அங்கே அகப்பட்ட ஒரு சிறு பீக்கினீஸ் நாயை ஒரு படை அதிகாரி கொண்டுவந்து மகாராணிக்குக் கொடுத்தார். கொள்ளையில் கிடைத்தது என்ற பொருளில் அதற்கு லூட்டி என்றே பெயர் வைத்தார்கள்!

கறுப்பு உடை

1861-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 14-ந் தேதி ஆல்பர்ட் காலமானார். அவருக்கு வயது 42. மகாராணிக்கும் அதே வயது. 9 குழந்தைகளின் தாய்.

அன்று உடுத்திய கறுப்பு உடையை அவர் சாகும்வரை மாற்றவில்லை. வெளியே வருவதையே குறைத்துக்கொண்டார். அந்த நாட்களில் ஷார்ப் என்ற காலி ஜாதி நாய் அவருக்குத் துணையாக இருந்தது.

பொமரேனியன் வந்த கதை

1888-ம் ஆண்டு. மகாராணிக்கு வயது 68. இத்தாலியில் பிளாரன்ஸ் நகருக்குப் போயிருந்தார். அங்கே சில சிறிய பொமரேனியன் நாய்களைக் கண்டு ஆசைப்பட்டு வாங்கினார். அவற்றில் செம்பட்டை நிற நாய் ஒன்று அவர் மனத்தைக் கவர்ந்தது. அதன் பெயர் மார்க்கோ. எடை சுமார் 5 1/2 கிலோதான்.

பொமரேனியன் இங்கிலாந்துக்குப் புதிது அல்ல. பால்டிக் கடலின் தென்கரையில், இன்று போலந்திலும் ஜெர்மனியிலும் அடங்கிய பொமரேனியா என்ற பிரதேசத்தின் பெயர் அது. விக்டோரியாவின் பாட்டி சார்லட் மகாராணி, சுமார் 120 ஆண்டுகளுக்கு முன்பே இந்த நாய்களை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்திருந்தார். ஆனால் அவை பெரிய நாய்கள். மார்க்கோவைவிட அவற்றின் எடை மிகவும் அதிகம்.

விக்டோரியா சிறிய நாய்களையே விரும்பினார். விண்ட்சரில் தமக்கு இருந்த நாய்ப் பண்ணையில் அவற்றை வளர்த்துப் பெருக்கினார். 1891-ம் ஆண்டு லண்டனில் முதன்முதலாக நடந்த கிரப்ட்ஸ் நாய்க் கண்காட்சிக்குத் தம் பொமரேனியன்களை அனுப்பி வைத்தார். மார்க்கோ பரிசு வாங்கியது!

அவ்வளவுதான். மகாராணி வளர்க்கும் நாய் நமக்கும் வேண்டும் என்று சீமாட்டிகள் போட்டி போட்டார்கள். வளர்ப்பவர்கள் தலைமுறைக்குத் தலைமுறை சிறிய நாய்களையே தேர்ந்தெடுத்தார்கள். இன்று அசல் பொமரேனியன் 2 அல்லது 3 கிலோதான் இருக்கும். நம் ஊரில் பொமரேனியன் என்று விற்கப்படும் நாய்களில் பல, அதைவிடச் சற்றுப் பெரிய இந்தியன் ஸ்பிட்ஸ் ஜாதி. இரண்டையும் வளர்க்கும் முறை ஏறக்குறைய ஒன்றுதான்.

சின்ன நாயை வளர்ப்பது எப்படி?

மகாராணிக்கு நாய்களைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் இருந்தார்கள். நம் வீட்டில் நாம்தான் ஆள். ஆகவே சில விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ரோமம்: பொமரேனியனுக்கு இரட்டை ரோமம். மேலே நீண்ட ரோமம், அடியில் பஞ்சு போன்ற ரோமம். வாரம் இரண்டு, மூன்று முறை அடிரோமம்வரை சீப்பு போகும்படி வார வேண்டும். காதின் பின்புறமும் கால் இடுக்கும் சீக்கிரம் சிக்குப் பிடிக்கும். 4 முதல் 6 மாதத்துக்குள் குட்டி ரோமம் கொட்டி, பார்க்க அசிங்கமாக இருக்கும். பயப்பட வேண்டாம், மீண்டும் வளரும். வெயில் காலம் என்று மழுங்கச் சிரைக்கக்கூடாது. சில நாய்களுக்கு ரோமம் மறுபடி சரியாக வளராது. தோலும் வெயிலில் பொசுங்கும்.

குளியல்: 3 அல்லது 4 வாரத்துக்கு ஒரு முறை போதும். முதலில் சிக்கு எடுத்து, பிறகு நாய்க்கு உரிய சோப்பைப் போட்டு, வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்ட வேண்டும். தோல்வரை ஈரம் போகத் துவட்டுவது முக்கியம். ஈரம் தங்கினால் நாற்றமும் புண்ணும் வரும். உண்ணி இருக்கிறதா என்று காதிலும் விரல் இடுக்கிலும் பார்க்க வேண்டும்.

வெயில்: இது குளிர் நாட்டு நாய். காலையில் வெயில் ஏறுமுன்னும், மாலையில் தரை ஆறிய பிறகும் நடக்கவிடலாம். எப்போதும் குடிதண்ணீர் இருக்க வேண்டும். விடாமல் மூச்சு இரைத்து, எச்சில் வடித்து, தள்ளாடினால் ஆபத்து. உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பைத் தண்ணீரால் நனைத்து, காற்றுப்படச் செய்து, வைத்தியரிடம் ஓட வேண்டும்.

சாப்பாடு: வளர்ந்த நாய்க்கு தினம் இரண்டு வேளை. குட்டிக்கு மூன்று, நான்கு வேளை சிறிது சிறிதாக. குட்டி பட்டினி கிடந்தால் ரத்தத்தில் சர்க்கரை குறைந்து நடுங்கி விழும். அப்போது ஈறில் சிறிது தேன் தடவி, வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். வெறும் பால்சோறும் தயிர்சோறும் போதாது. முட்டை, வேகவைத்த இறைச்சி அல்லது நாய்க்கு உரிய தீனி வேண்டும். வெங்காயம் நாய்க்கு விஷம். அதனால் சாம்பார் சாதம் போடக்கூடாது. சாக்லேட், திராட்சை, கிஸ்மிஸ் ஆகியவையும் விஷமே. வேகவைத்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும்.

கழுத்து: சின்ன நாயின் மூச்சுக்குழல் மெல்லியது. கழுத்துப் பட்டையில் கயிறு கட்டி இழுத்தால் நசுங்கும். மார்பைச் சுற்றி மாட்டும் பட்டையே நல்லது. வாத்து கத்துவதுபோல இருமினால் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

கால்: இந்த ஜாதிக்கு முழங்கால் சில்லு விலகும் கோளாறு வரும். கட்டிலில் இருந்தும் நாற்காலியில் இருந்தும் குதிக்கவிடக் கூடாது. உடம்பு பெருக்கவும் விடக்கூடாது. குழந்தைகள் தரையில் உட்கார்ந்து மடியில் வைத்துக் கொஞ்சட்டும். தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். கை நழுவினால் எலும்பு முறிந்துவிடும்.

பல்: சிறிய வாயில் பற்கள் நெருக்கமாக இருப்பதால் சீக்கிரம் ஈறு நோய் வரும், பல் விழும். நாய்க்கு உரிய பற்பசையால் துலக்கலாம். நாம் உபயோகிக்கும் பற்பசை ஆகாது.

தடுப்பு ஊசி: குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் தடுப்பு ஊசி தொடங்கும். வெறிநோய்த் தடுப்பு ஊசியை மூன்று மாதத்தில் போட்டு, பிறகு வைத்தியர் சொல்லும் காலத்தில் தவறாமல் போட வேண்டும். விக்டோரியா காலத்தில், 1885-ம் ஆண்டில்தான், வெறிநாய் கடித்த ஒரு சிறுவனை பிரான்சில் லூயி பாஸ்டர் ஊசி போட்டுக் காப்பாற்றினார். இன்று அந்தப் பாதுகாப்பு எல்லோருக்கும் கிடைக்கிறது. எந்த நாய் கடித்தாலும், உடனே 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவி, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஒன்று உண்டு. பொமரேனியன் 12 முதல் 16 ஆண்டு வாழும். தனியாக விட்டால் ஏங்கும், ஓயாமல் குரைக்கும். அத்தனை ஆண்டும் தினம் சிறிது நேரம் ஒதுக்க முடியுமா என்று யோசித்த பிறகே குட்டியை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். பொம்மை அலுத்தால் பெட்டியில் போட்டு மூடலாம். நாயை அப்படிச் செய்ய முடியாது.

கடைசித் துணை

1897-ம் ஆண்டு விக்டோரியா பட்டத்துக்கு வந்து 60 ஆண்டு நிறைந்த விழா கோலாகலமாக நடந்தது. அதன் பிறகு உடல் தளர்ந்தது. கண் பார்வை மங்கியது. நடக்க முடியாமல் சக்கர நாற்காலியில் இருந்தார்.

1901-ம் ஆண்டு ஜனவரி மாதம். ஒயிட் தீவில் உள்ள ஆஸ்போர்ன் மாளிகையில் அவர் படுத்த படுக்கையானார். வயது 81. மக்களும் பேரப்பிள்ளைகளும் வந்து கூடினார்கள். ஜெர்மனியின் சக்கரவர்த்தியே பேரனாக வந்து பாட்டியின் பக்கத்தில் நின்றார்.

அவ்வளவு பேர் சூழ்ந்திருந்தபோதும், மகாராணி இன்னொரு துணையைத் தேடினார். தம் சிறிய பொமரேனியன் டூரியைக் கேட்டார். அதைக் கொண்டுவந்து அவர் படுக்கையில் விட்டார்கள்.

22-ந் தேதி மாலை விக்டோரியா மகாராணி காலமானார். 63 ஆண்டுகளும் 7 மாதங்களும் ஆண்டவர் அவர்.

13 வயதில் டாஷ், 81 வயதில் டூரி. இடையில் எத்தனையோ மந்திரிகள் வந்தார்கள், போனார்கள். அவருக்கு முன்னால் தலைவணங்கியவர்களுக்குக் கணக்கே இல்லை. அந்த இரண்டு சிறு நாய்களுக்கு மட்டும் அவர் மகாராணி என்பது கடைசிவரை தெரியாது.

தங்களைத் தடவிக்கொடுக்கும் ஒரு கையைத்தான் அவற்றுக்குத் தெரியும்.